கண் மூடிக்கொள்ளும் பொம்மை

"குறுக்கப் பேசாதக்கா, நான் கேக்குறதுக்கு மட்டும்..."

"நான் எங்கடி குறுக்கப் பேசறேன்? நீதான் என்னைப் பேசவே விடாம..."

அந்த நேரத்தில்தான் தங்கையின் குழந்தை பொம்மையை இடுக்கிக்கொண்டு ஓடிவந்து தன் அம்மாவின் வாயைப் பொத்தினாள். என் வாயை அல்ல. அதற்குக் காரணம் உண்டு. விசாரணைக் குழுவினர் நீங்கள் கேட்பதால் சொல்கிறேன்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பேசும் ரோபோ பொம்மை வடிவமைப்பது என் வேலை. என் தங்கை மகள் ஐந்து வயதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. என் பொம்மையோடு பழகிய நான்காம் மாதம் முப்பத்தேழு வார்த்தைகள். முதல் வார்த்தை 'அம்மா'. பதிவு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி. அம்மா பேசினால் பொம்மை அவள் பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். குழந்தையின் பார்வையும் கூடவே போகும். போகப்போகப் பொம்மை தேவைப்படாது. நான் நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். என் தங்கையின் குரல் கேட்டால் பொம்மை கண் மூடிக்கொள்ளும். அவள் பேச்சை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துத்தான் விழிக்கும்.

தங்கை வாய் ஓயாதவள். "சொல்லும்மா கண்ணு, ஒரே ஒரு தடவை சொல்லு" என்று நாள் முழுக்க நச்சரிப்பாள். குழந்தைக்கு அமைதி தேவைப்பட்டது. கொடுத்தேன்.

ஒரே வாரத்தில் குழந்தைக்குப் புரிந்துவிட்டது. இரண்டாம் வாரம் அம்மாவின் வாயைப் பொத்த ஆரம்பித்தாள். மூன்றாம் வாரத்திலிருந்து தங்கை தன் வீட்டிலேயே சைகையில் பேசினாள். தூங்க வைக்கப் பாடுவதும் நின்றது. 'வீட்டில் இரைச்சல் குறைந்தது' என்று அறிக்கையில் எழுதினேன். பொய்யில்லையே.

என் உதவியாளர் அந்த வரியைப் பார்த்துவிட்டுத் தங்கையிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்கச் சொல்கிறீர்கள். எதற்கு? அந்த வரியை மறுபடியும் எழுதுவேன். குழந்தைக்காகச் செய்தேன், எனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

அதைப் பற்றி என்னிடம் கேட்ட அன்று தங்கை கத்தவில்லை. குழந்தையின் கையை மெதுவாக விலக்கினாள். பொம்மை கண் மூடியிருந்தது.

"பொம்மைக்கு நீ உன் குரலை வெச்சிருக்கேன்னு எனக்கு மொதல்லயே தெரியும்க்கா. ஆனா அதை அம்மான்னு கூப்பிடப் பாப்பாவுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"