ஒரு மணி நேரப் பர்மிஷன்

இந்தப் பெங்களூரில் எதற்கும் எவரிடமும் அனுமதி கேட்காமல் வாழ்கிற ஒரே மனிதன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். மற்ற எல்லோரும் கேட்கிறார்கள். மல்லேஸ்வரத்தில் எங்கள் கீழ்வீட்டுக்காரர் சொந்தக் காரை வெளியே எடுப்பதற்குக்கூட, குறுக்கே நிற்கும் என் ஸ்கூட்டரைத் தள்ளி வைக்கலாமா என்று மாடியேறி வந்து கேட்கிறார். வைட்ஃபீல்டில் உலகத்தையே மாற்றிக்கொண்டிருப்பவர்கள் பல்வலிக்கு மேனேஜரைக் கேட்கிறார்கள். எங்கள் தெரு நாய் காம்பவுண்டுக்குள் நுழையும்முன் செக்யூரிட்டி முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறது. நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும், ரயான் அண்ணா. "சும்னே கதை விடாத குரு. டிஸ்க்குக்கு இன்னா ஆச்சு, நீ இன்னா பண்ண, வரிசையா சொல்லு. நீ மறைச்சா எனக்குத் தலைவலி, உனக்கு டேட்டா காலி" என்றீர்கள். செத்த டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு உங்கள் கடைக்கு வருகிறவர்கள் எல்லோருமே "ஒண்ணும் பண்ணல, தானா ஆயிருச்சு" என்றுதான் சொல்வார்களாம். நான் அந்த ரகமில்லை. என் கால் ஆடுவதை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள். கொஞ்ச நாளாகவே தானாக ஆடுகிறது. அதை நிறுத்தினால் எழுந்து நடக்கத் தோன்றும். உங்கள் கடையில் நடக்க இடமில்லை.

டிஸ்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும். அப்பா பெயர் சாமிநாதன். பீன்யா பக்கம் ஒரு தொழிற்சாலையில் விடுப்பு வழங்கும் மேசையில் இருக்கிறார். பர்மிஷன் என்ற சொல்லுக்கு நம் ஆட்கள் ஆபீஸில் ஒரு தனிப் பொருள் வைத்திருக்கிறார்கள் அல்லவா. முழு லீவும் இல்லை, அரை நாளும் இல்லை. ஒரு மணி நேரம் தாமதமாக வரலாம், அல்லது ஒரு மணி நேரம் முன்னால் போகலாம். அதற்குப் பர்மிஷன் போட வேண்டும். மாதத்துக்கு இரண்டு. மூன்றாவது கேட்டால் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைத்து முடிப்பதற்குள் கேட்டவர் தானே போய்விடுவார்.

வீட்டிலும் இதே ஏற்பாடு. அம்மா தங்கை வீட்டுக்கு வேலூர் போகப் பர்மிஷன். தமயந்தி அக்கா தோழி கல்யாணத்துக்கு மைசூர் போகப் பர்மிஷன். கண்ணாடி, துணி, துடைப்பு. நான் மட்டும் எதுவும் போட்டதில்லை. கேட்காமல் போவேன், கேட்காமல் வருவேன். ஆண்பிள்ளையைக் கேள்வி கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அடிப்படையில் அது என் துணிச்சல்தான்.

கல்லூரிச் சுவரிதழில் நான் எழுதுவது உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. 'எங்கள் வீட்டு மனிதவளத் துறை' என்ற என் தொடரைப் படிக்க வேற்று டிபார்ட்மென்ட்டிலிருந்தெல்லாம் வருவார்கள். அப்பா ஒரு மேசைக்குப் பின்னால் நான்கு கைகளோடு எழுந்தருளியிருப்பார். ஒவ்வொரு கையிலும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். கீழே அம்மா ஒரு டம்ளர் மோர் குடிக்கப் பர்மிஷன் கேட்டு நிற்பாள். படம் அக்கா போட்டது. அப்பாவும் பார்த்தார். "மீசையை இன்னும் கொஞ்சம் அடர்த்தியா போட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் அவருடைய விமர்சனம்.

படத்துக்குக் கீழே வருகிற வரிகள் என்னுடையவை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு இந்த விஷயம் வரும்.

அக்கா வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களின் திட்டுகளைக் கேட்டுக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். சாயங்காலம் ஆபீஸ் வண்டியிலிருந்து இறங்கியதும் முகம் கழுவிவிட்டு, கூடத்தில் இருக்கிற கணினிமுன் உட்கார்ந்து வரைவாள். கணினி குடும்பத்துக்குப் பொது. அதன் அட்மின் நான். வீட்டில் யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்கிறவன். நானாகக் கேட்டு வாங்கிய பதவியில்லை. பாஸ்வேர்டை நான்தான் வைத்தேன், அதனால் வந்துசேர்ந்தது.

புனேயில் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோ இரண்டு வருடப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது. வரைந்த மூலக் கோப்புகளை அப்படியே அனுப்ப வேண்டும், போனில் எடுத்த படம் செல்லாது. வருகிற வெள்ளிக்கிழமை கடைசி. அக்கா அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று ஒரு மாதம் ஒத்திகை பார்த்தாள். ஒத்திகையில் அப்பாவாக நடித்தது நான். நன்றாகவே மறுத்தேன். அவர் மறுக்கப்போவதைப் பற்றி ஒரு கட்டுரையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன்.

சாப்பாட்டின்போது கேட்டாள். அப்பா சப்பாத்தியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். கண்ணாடியைத் தொடவில்லை. "போயிட்டு வாம்மா. இதுக்கெல்லாம் என்னத்துக்குப் பர்மிஷன்" என்றார்.

அம்மா அழுதாள். அக்கா சிரித்தாள், பிறகு அவளும் அழுதாள். எனக்கு ஒரு கட்டுரை வீணாயிற்று.

மறுநாள் சாயங்காலம் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டேய் கவி, என் ஃபோல்டர் திறக்க மாட்டேங்குதுடா. உனக்குப் பர்மிஷன் இல்லைங்குது. அட்மினைப் பாருங்குது."

"நீ என்ன தொட்ட?"

"நான் ஒண்ணும் தொடலடா."

"ஒண்ணும் தொடாம அப்படி வராதுக்கா."

"காலைல துடைச்சேன். ஈரத்துணியால."

"அதான்."

ஈரத்துணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நான் உட்கார்ந்து சரிபார்த்தேன். நிதானமாகவே பார்த்தேன். ஒரு ஃபோல்டரை வலது கிளிக் செய்தால் பாதுகாப்பு என்று ஒரு பக்கம் வரும். அதில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் இரண்டு கட்டங்கள். ஒன்று அனுமதி, மற்றது மறுப்பு. இதில் ஒரு நேர்த்தி இருக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு கட்டத்திலும் டிக் போட்டிருந்தால் மறுப்புதான் ஜெயிக்கும். வேறு எத்தனை வழியில் அனுமதி கிடைத்திருந்தாலும் சரி, இந்த ஒரு மறுப்பு டிக் எல்லாவற்றையும் தின்றுவிடும். அப்பாவுக்குக்கூட இப்படியொரு வசதி கிடைத்ததில்லை. பாவம், அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் பெயருக்கு எதிரில் மறுப்பில் டிக் இருந்தது. முந்தைய நாள் சப்பாத்தி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து அதை நான்தான் போட்டேன்.

நீங்கள் தலை தூக்கிப் பார்க்க வேண்டாம், வேலையைப் பாருங்கள். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவசரப்பட்டு அனுப்பிவிடக் கூடாது, இன்னும் ஒரு தடவை திருத்தட்டும் என்ற அக்கறைதான். அன்றைக்கே அவளுக்குத் திறந்தும் கொடுத்தேன். "தற்காலிகமா சரி பண்ணிருக்கேன். ஒரு மணி நேரம் தாங்கும்" என்றேன். ஒரு மணி நேரம் கழித்து அவள் காபி போடப் போனபோது டிக்கைத் திரும்பப் போட்டேன். மறுநாளும் வந்து நின்றாள். மறுநாளும் ஒரு மணி நேரம். போகப் போக அவளே, "டேய், இன்னைக்கு ஒரு மணி நேரம் குடுறா" என்று கேட்கப் பழகிவிட்டாள். எனக்குத் தனியாகப் பக்கோடா வந்தது. சில நாள் முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். "சரிடா, நீ படிக்கணும்ல" என்று போய்விட்டாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். பர்மிஷன் சரியாகாமல் காப்பி பண்ணினால் கோப்பு உடைந்துவிடும் என்றேன். பொய்தான். ஆனால் கேட்டு நம்பும்படியான பொய்.

ஒருநாள் அவள் ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தேன். அட்மினுக்கு அந்த உரிமை உண்டு. என் தொடருக்கு அவள் போட்ட படங்கள் எல்லாம் புனேக்குப் போகிற வரிசையில் இருந்தன. கீழே அந்த வரிகளும் இருந்தன, அவள் கையெழுத்தில். கோப்புகளின் தேதிகள் என் கட்டுரைகளுக்கு முந்தியவை. நான்கு கை ஸ்டாம்ப்பும் மோர் டம்ளரும் நான் சொன்னதென்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரிக்கும்போது முதலில் சொன்னது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது. கணினி தேதி பல நேரம் தப்பாகவும் காட்டும். அது கிடக்கட்டும். அவள் போய்விட்டால் சுவரிதழில் என் பக்கம் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஒரு நிமிடம்தான். அன்றைக்கு அந்த ஃபோல்டரின் உரிமையாளர் இடத்தில் அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். நிர்வாக வசதிக்காக.

டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். டிக், டிக் என்று, யாரோ உள்ளே இருந்து நகத்தால் தட்டுகிற மாதிரி. அக்கா பயந்தாள். "ஃபேன்ல தூசிக்கா" என்றேன். சத்தம் ஃபேனிலிருந்து வரவில்லை என்று எனக்குத் தெரியும். தட்டுகிற டிஸ்க்கை உடனே நிறுத்திவிட்டு, உள்ளதை முதலில் வேறிடத்துக்கு நகலெடுக்க வேண்டும். அதைச் செய்யாதவர்களை நானே கேலி செய்து எழுதியிருக்கிறேன். எனக்கும் அந்தச் சத்தம் நிம்மதியாக இருக்கவில்லை. கூடத்துக்குப் போவேன், கேட்பேன், திரும்பி வருவேன், மறுபடி போவேன். பால்கனியில் நின்றாலும் காதுக்குள் கேட்டது. வகுப்பிலும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கணினியை ஆன் செய்தபோது டிஸ்க்கில் பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று கேட்டது. இந்த நிலைமையில் சரிசெய்யச் சொன்னால், கணினிக்குப் புரியாததையெல்லாம் துண்டு துண்டாக்கி, பெயரில்லாமல் ஒரு மூலையில் குவித்துவிடும். அதுவும் எனக்குத் தெரியும். அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "என்னடா கேக்குது?" என்றாள். "ஒண்ணுமில்லக்கா, வழக்கமான கேள்வி" என்று ஆம் என்பதை அழுத்தினேன்.

அது மதியம் வரை சரிசெய்தது. முடித்தபோது ஃபோல்டர் இல்லை.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சாரிடா கவி. அன்னைக்கே ஈரத்துணியால துடைச்சிருக்கக் கூடாது. நீ இத்தனை நாள் கஷ்டப்பட்டதெல்லாம் வீணாப்போச்சு" என்றாள்.

பரவாயில்லை என்றேன்.

இன்று காலையில் அப்பா ஆபீஸுக்குப் பர்மிஷன் போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். என் நினைவில் அவர் தனக்காகப் போட்ட முதல் பர்மிஷன். டிஸ்க்கை ஒரு துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். "எங்க வேணா கொண்டுபோய்க் காட்டு. என்ன செய்யணுமோ செய்யச் சொல்லு. என்னைக் கேட்டுட்டு இருக்காத" என்றார். நீங்கள் பிரித்துப் பார்த்தீர்களே, அந்தத் துண்டுதான்.

இவ்வளவுதான் நடந்தது. எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஒரு பழைய டிஸ்க் அதன் காலம் முடிந்து போயிருக்கிறது, அதன் பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன்.

நீங்கள் இப்போது சொல்வது கேட்கிறது, அண்ணா. "உடைஞ்ச ஃபைல் துண்டுங்க மேல வேற எதுவும் எழுதல. நல்ல நேரம் உனக்கு. இப்பவே திறந்து உட்கார்ந்தா நாளைக்கு ராத்திரிக்குள்ள முக்காவாசி வந்துரும். விட்டா டிஸ்க்கைப் படிக்கிற ஹெட் போயிரும், அப்புறம் யார்கிட்ட போனாலும் வராது. ஆரம்பிக்கட்டா?"

நாளை ராத்திரி என்றால் வியாழன். அக்காவுக்கு ஒரு முழு நாள் மிஞ்சும். அவள் வேகத்துக்கு அது தாராளம்.

என் பையில் போன் துடிக்கிறது. அவள்தான். ஆபீஸில் இடைவேளை கிடைக்கும்போதெல்லாம் கூப்பிடுகிறாள்.

"எடு குரு. அக்காவைக் கேளு, ஆய்த்து, சரின்னு சொல்லட்டும், நான் ஆரம்பிக்கிறேன்" என்கிறீர்கள். அவளைக் கேட்பது முறையில்லை. உரிமையாளர் இடத்தில் அவள் பெயர் இல்லை.

அந்தத் துண்டைக் கொடுங்கள், டிஸ்க்கைச் சுற்றிக்கொள்கிறேன். பெரிய முடிவு, அண்ணா. நானாக எப்படிச் சரி என்று சொல்ல முடியும். இதையெல்லாம் போனில் கேட்டால் மரியாதையாக இருக்காது. சாயங்காலம் அவர் வந்து கை கால் கழுவி உட்காரட்டும். அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.