"இஞ்ச ஒருத்தரும் விளையாடுறேல்லை"

ஜெயமலர்: ...ஐயோ அண்ணை, காலை எடுங்கோ! என்ர பாதத்துக்கு மேலயெல்லோ நிக்கிறியள்!

பேனாட்: மெல்ல... மெல்லக் கதையும், மலர். மனுசிக்குக் கேக்கப்போகுது.

ஜெயமலர்: எங்க தள்ளி நிக்கிறது? அங்கால மரக்குதிரை, இஞ்சால ரயில் பெட்டி. மண்டபத்தில கிடந்த விளையாட்டுச் சாமான் முழுக்க இந்தச் சின்ன ஸ்டோர் அறைக்குள்ள அடைச்சது ஆர்?

பேனாட்: நான்தான். நகரசபையிலயிருந்து ஒரு அதிகாரி வரேக்க மண்டபம் துப்புரவா இருக்க வேண்டாமோ?

ஜெயமலர்: துப்புரவு! அந்த அதிகாரி ஃப்ராவ் லிண்ட்னர் வந்ததே பிள்ளையள் இஞ்ச என்ன விளையாடுதுகள் எண்டு பாக்க. நாங்கள் அன்ராக் எண்டு விண்ணப்பம் எழுதிப் போட்டதே, சனிக்கிழமை விளையாட்டுக் குழுவுக்குக் காசு தாங்கோ எண்டு...

பேனாட்: தெரியும், தெரியும்...

ஜெயமலர்: தெரிஞ்சுகொண்டோ பிள்ளையள் எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை போடச் சொல்லி, கையைக் கட்டி வரிசையா இருத்தி வைச்சனியள்? எப்பவும் துள்ளுற லக்ஸன்கூட மூச்சு விடேல்லை. செத்தவீட்டிலயும் இதைவிடச் சத்தம் இருக்கும், அண்ணை.

பேனாட்: ஜேர்மன்காரருக்கு ஒழுங்கு பிடிக்கும், பிள்ளை. நான் இந்த நாட்டில இருபது வருசமா...

ஜெயமலர்: பிடிச்சதோ? "பிள்ளையள் எங்க விளையாடுறவை?" எண்டு மனுசி கேட்டா. நீங்கள் நெஞ்சை நிமித்திக்கொண்டு என்ன சொன்னனியள்?

பேனாட்: அது... விடும்.

ஜெயமலர்: சொல்லுங்கோவன்.

பேனாட்: "இஞ்ச ஒருத்தரும் விளையாடுறேல்லை" எண்டு சொன்னனான். பெருமையாத்தான் சொன்னனான்.

ஜெயமலர்: அந்த நேரம் மனுசியின்ர முகத்தைப் பாத்தனியளோ?

பேனாட்: முகத்தைப் பாக்கேல்லை. பேனையைப் பாத்தனான். டக்கெண்டு மூடிப்போட்டா. அதோட காசு போச்சு எண்டு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, மலர்.

ஜெயமலர்: எனக்கும்தான். காசு வராட்டில் இந்த மண்டபத்துக்கு வாடகை கட்ட ஏலாது. கோடை லீவோட குழு முடிஞ்சுது. தாயும் தேப்பனும் சனிக்கிழமையும் வேலைக்குப் போற வீட்டுப் பிள்ளையள், ரீவிக்கு முன்னால தனிய இருக்கவேண்டியதுதான்.

பேனாட்: அப்பிடிச் சொல்லாதையும். எனக்கு நெஞ்சு அடைக்குது.

ஜெயமலர்: அது நெஞ்சில்லை, கழுத்தில இறுக்கிக் கட்டின உங்கட ரை. இளக்கி விடுங்கோ.

பேனாட்: ஸ்ஸ்! கேளும்... மனுசி எண்ணுறா. சுவரைப் பாத்துக்கொண்டு, கண்ணைப் பொத்திக்கொண்டு... எவ்வளவு ஆறுதலா எண்ணுறா எண்டு பாரும்.

ஜெயமலர்: கோட்டையும் கழட்டிப்போட்டா, கண்டனியளே? நகரசபை அதிகாரி ஒளிச்சுப் பிடிச்சு விளையாட, சங்கத் தலைவர் மரக்குதிரைக்குப் பின்னால!

பேனாட்: எல்லாம் அந்த அன்ரனிற்றாவால. ஏழு வயசு. வரிசையை விட்டு எழும்பிப்போய் அதிகாரியின்ர கையைப் பிடிச்சு, "எங்களோட விளையாட வாறியளோ?" எண்டு கேக்குது! பெரியாக்களும் ஒளிக்கத்தான் வேணுமெண்டு சட்டம் வேற.

ஜெயமலர்: நல்லாத்தானே கேட்டவள்.

பேனாட்: என்ன நல்லா... மலர், அந்தப் பலகையில சாயாதையும்! கிறீச்செண்டு கத்தும்.

ஜெயமலர்: உங்களுக்கெப்பிடித் தெரியும்?

பேனாட்: தலைவர் எண்டா மண்டபத்தில எந்தப் பலகை கத்தும் எண்டு தெரியவேணும்தானே. இந்த மெத்தைக்குப் பின்னால வந்து குந்தும். கதவைத் திறந்தாலும் மெத்தைதான் தெரியும், ஆள் தெரியாது.

ஜெயமலர்: அட... நல்ல இடமாத்தான் கிடக்கு.

பேனாட்: முழங்காலை மடியும்... ஓம், அப்பிடித்தான்.

ஜெயமலர்: முழங்கால் எண்டாப்போலதான் ஞாபகம் வருது. உங்கட பெண்சாதி லூர்தம்மா அக்கா கேட்டவா, சனிக்கிழமையில வீட்டை வரேக்க உங்கட காற்சட்டை முழங்கால் ரெண்டும் ஏன் தூசியாக் கிடக்கு எண்டு.

பேனாட்: அவவுக்கு நீர் என்ன சொன்னீர்?

ஜெயமலர்: எனக்கென்ன தெரியும்? நான் நாலு மணிக்கு வேலைக்கு ஓடிப்போடுவன். பிறகு பெற்றோர் வருமட்டும் நிக்கிறது நீங்கள். கதிரை அடுக்கிறவராக்கும் எண்டு சொன்னன்.

பேனாட்: ஓம், ஓம். கதிரைதான். முழங்காலில நிண்டு அடுக்கினாத்தான் நேரா வரும்.

ஜெயமலர்: நீங்களும் உங்கட நேரும்! போன மாசம் நான் பிள்ளையளோட கயிறடிச்சு விளையாடினதுக்கு, "பெரியாக்கள் பெரியாக்கள் மாதிரி நிக்கவேணும்" எண்டு கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால பேசினனியள். நான் இன்னும் மறக்கேல்லை.

பேனாட்: ஒரு மரியாதைக்காகச் சொன்னது... அட, இந்தப் பந்து! போன வருசம் உலகக் கிண்ணத்துக்கு வாங்கினது. இஞ்சையோ கிடந்தது? எவ்வளவு தேடினனாங்கள்!

ஜெயமலர்: "தேடினனாங்கள்" எண்டா? ஆரார்?

பேனாட்: ...சங்கம்.

ஜெயமலர்: ம்ம். அண்ணை, உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். கோவிக்கக்கூடாது.

பேனாட்: இந்த இடுக்குக்குள்ள கோவிச்சு எங்க எழும்பிப் போறது? சொல்லும்.

ஜெயமலர்: அன்ரனிற்றா தானா எழும்பேல்லை. நான்தான் காலமை சொல்லி வைச்சனான். "அந்த அன்ரி பேனையை மூடினா, ஓடிப்போய்க் கையைப் பிடிச்சு விளையாடக் கூப்பிடு" எண்டு.

பேனாட்: என்னது!

ஜெயமலர்: மெல்ல, மெல்ல...

பேனாட்: தலைவருக்குச் சொல்லாமலோ? மலர், நான் வெளிப்படையான மனுசன். எனக்குத் தெரியாமல் இந்தச் சங்கத்தில ஒண்டும் நடக்கக்கூடாது! ஒரு ஒளிவுமறைவும்...

ஜெயமலர்: மெத்தைக்குப் பின்னால குந்திக்கொண்டு சொல்லுறியள்.

பேனாட்: பகிடியை விடும். எனக்கு மனம் நொந்துபோச்சு.

ஜெயமலர்: மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை. வேற வழி தெரியேல்லை... கேளுங்கோ, பிள்ளையள் சிரிக்கிற சிரிப்பை. மனுசியும் சேந்தெல்லோ சிரிக்கிறா!

பேனாட்: ஓம்... வெள்ளைச் சட்டையெல்லாம் இப்ப ஊத்தையாப் போயிருக்கும்.

ஜெயமலர்: கவலையோ?

பேனாட்: சந்தோசம்தான், பிள்ளை. உண்மையைச் சொன்னா, அதுகள் வாய் மூடி இருந்தது எனக்கே பயமாக் கிடந்தது. பிழை விட்டிட்டன் எண்டு அப்பவே விளங்கீட்டுது... வாயால சொல்லத்தான் வரேல்லை. ஸ்ஸ்! காலடிச் சத்தம்.

ஜெயமலர்: இஞ்சதான் வருகினம்!

பேனாட்: பயப்படாதையும். இண்டைக்குத்தான் வந்த ஒரு அதிகாரிக்கு இந்த இடத்தைப் பிடிக்கவே ஏலாது.

அன்ரனிற்றா: பேனாட் மாமா, வெளியில வாங்கோ! பிடிச்சாச்சு!

பேனாட்: அதெப்பிடி? மற்ற ஆக்களை விட்டுட்டு நேர இஞ்சையோ வந்தவா?

அன்ரனிற்றா: என்னைத்தான் முதல்ல பிடிச்சவா. பிடிச்சுப்போட்டு, "உங்கட தலைவர் ஒருநாளும் விளையாடுறேல்லையோ? பாவம்" எண்டு கேட்டவா. நான் உண்மையைச் சொன்னன். அவா சிரிச்சுச் சிரிச்சுப் பேனையைத் திறந்து எழுதினவா.

பேனாட்: என்ன எழுதினவா? கெதியாச் சொல்லு, பிள்ளை!

அன்ரனிற்றா: எங்கட குழுவுக்குக் காசு குடுக்கத்தான் வேணுமெண்டு. நகரசபைக் கூட்டத்தில தானே எழும்பிச் சொல்லுவாவாம். இப்ப வாசலில நிக்கிறா, அடுத்த முறை அவா ஒளிக்கவேணுமாம், நீங்கள்தான் எண்ணவேணுமாம்.

பேனாட்: மாதாவே! என்ர குஞ்சு... அப்பிடி என்ன உண்மையை நீ சொன்னனி?

அன்ரனிற்றா: "பேனாட் மாமா எல்லாச் சனிக்கிழமையும் எங்களோட விளையாடுறவர், எப்பவும் மெத்தைக்குப் பின்னாலதான் ஒளிக்கிறவர், ஜெயமலர் ரீச்சருக்கு மட்டும் சொல்லக்கூடாதெண்டு எங்களிட்டைச் சத்தியம் வாங்கினவர்" எண்டு... ஐயோ ரீச்சர், நீங்களும் உள்ளுக்கையோ இருந்தனியள்?