ஹெரினுக்கு நான் கொடுத்த சிரிப்பு

உதட்டோரத்துக்கு ஊசி போடுவது எங்கள் தொழிலிலேயே சுலபமான வேலை. ஒரு கமலா ஆரஞ்சை உரித்துத் தின்பதற்குள் முடிந்துவிடும். அன்றைக்கு என் தம்பி மகள் நாரே சோபாவில் உட்கார்ந்து ஆரஞ்சுதான் உரித்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சுளையை அவள் வாயில் போடுவதற்குள் அவளுடைய அம்மாவின் முகத்தை நான் முடித்திருந்தேன்.

நீங்கள் அவசரப்படவில்லை என்பது நல்லது, இன்ஸ்பெக்டர் பியோ. போன முறை வந்தவர் முகத்தைப் பற்றி மேலோட்டமாக இரண்டு கேள்வி கேட்டதோடு சரி. என் தம்பி தேசொப்பைக் கொன்றதாக அவன் மனைவி ஹெரினைச் சிறையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் ஹெரின் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். எல்லாரும் அப்படித்தான்.

சின்சா வட்டாரத்தில் இருக்கும் என் கிளினிக்கில் கத்தியே கிடையாது. ஊசி, நூல், கொஞ்சம் ஜெல். நம் ஆட்களுக்குத் தாடை அகலம், மூக்குத்தண்டு தாழ்வு, கன்னம் பரந்தது. தாடைத் தசைக்கு ஊசி போட்டால் இளைக்கும். மூக்கில் அந்த ஜெல்லை, ஃபில்லரை, வைத்தால் நிமிரும். வெள்ளைக்காரி மாதிரி ஆகத்தான் வருகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதுவார்கள். அபத்தம். என்னிடம் வருகிறவள் தன் முகத்தையேதான் கேட்கிறாள், கொஞ்சம் நல்ல மனநிலையில் இருக்கும் தன் முகத்தை.

ஹெரினுக்கு உதட்டோரம் பிறவியிலேயே கீழே இறங்கியிருக்கும். அவள் சந்தோஷமாக இருந்தாலும் யாரோ அவளைத் திட்டியது போலத் தெரியும். வங்கிக் கவுன்டரில் வேலை. வாடிக்கையாளர்கள் அவள் முறைப்பதாகப் புகார் எழுதினார்கள். அந்த வருஷம் சூசொக் அறுவடைப் பண்டிகைக்குப் பலகாரத் தட்டை அவள் கொண்டுவந்து வைத்தபோது என் அம்மா எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"நல்ல நாளும் அதுவுமா எழவு விழுந்த மூஞ்சியோட வந்து நிக்கிறா பாரு. இவளப் பாத்தாலே சோறு எறங்க மாட்டேங்குது."

ஹெரின் அடுக்களைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"ஒரு ஞாயித்துக்கெழம கிளினிக்குக்கு வா. உன்னயச் சிரிச்ச மூஞ்சி ஆக்கிடறேன்."

"எவ்வளவு ஆகும் அண்ணி?"

"தம்பி பொண்டாட்டிகிட்ட காசு வாங்கினா என் கை அழுகிடும்."

அவள் சிரித்தாள். சிரித்தபோதுகூட அந்த உதட்டோரம் முழுதாக மேலே ஏறவில்லை. அதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே பரிதாபமாக இருந்தது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் உடனே வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. குளிர் தொடங்கிய பிறகு நானே போன் செய்து ஒரு நாள் குறித்தேன். ஞாயிற்றுக்கிழமை நர்ஸ்கள் வரமாட்டார்கள். ஹெரின் நாரேயையும் கூட்டிவந்தாள்.

"வலிக்குமா அண்ணி?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். உன் கஸ்டமருங்க கடிக்கிறதுக்கு இது எவ்வளவோ பரவால்ல."

"இனிமே உங்கம்மா என்னய எழவு மூஞ்சின்னு சொல்ல மாட்டாங்கல்ல?"

"சொல்லவே மாட்டாங்க."

வாயைக் கீழே இழுக்கும் தசைக்கு போடாக்ஸ். அது தளர்ந்தால் உதட்டோரம் தானாக மேலே போய்விடும். புருவத்தின் நடுவிலும் அதையே போட்டேன், சுளிக்க முடியாதபடி. கண்ணுக்குக் கீழே கொஞ்சம் ஃபில்லர். சிரிக்கும்போது அங்கே எழும் சின்ன மேடு இருக்கிறதல்லவா, அது எப்போதும் இருக்கும்படி. கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். கையில் கண்ணாடியைக் கொடுத்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இது முழுதாகப் பிடிக்க இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து தேசொப் செத்துப்போனான்.

காலையில் அவன் ஒரு கஷாயம் குடிப்பான். மூலிகை வேர்ச் சந்தையில் சரக்கு வாங்கி, முந்தின நாளே ஹெரின் காய்ச்சி வைப்பாள். காலையில் சூடாக்கி அவள் கையாலேயே கொடுப்பாள். வேறு யாரும் அந்தப் பானையைத் தொடுவதில்லை. அன்றைக்குக் கஷாயத்தில் இருக்கக் கூடாத ஒரு விஷக் கிழங்கு அதில் இருந்தது. சந்தையில் கை மாறிக் கலந்திருக்கலாம். அப்படி நடப்பதும் உண்டு. ஹெரின் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதிருந்தால், போலீஸ் கடைக்காரனைத்தான் தேடிப் போயிருக்கும்.

ஆனால் நீங்கள் அந்தச் சாவுக்கு வரவில்லை. மருத்துவமனையின் துக்கக் கூடத்தில் மூன்று நாள் அவள் கறுப்பு உடுத்தி, தலையில் வெள்ளை நாடா வைத்து, தேசொப் படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். வருகிறவர்கள் படத்தை வணங்கிவிட்டு அவளிடம் திரும்பிக் குனிவார்கள். நிமிரும்போது அவள் முகத்தைப் பார்ப்பார்கள். பார்த்ததும் அவர்கள் முகம் மாறும். பிறகு பக்கத்து அறையில் கார மாட்டிறைச்சி சூப்பைக் குடித்துக்கொண்டே குசுகுசுப்பார்கள்.

அவள் அழாமல் இல்லை. கண்ணீர் வந்துகொண்டேதான் இருந்தது. நெற்றி வழவழவென்று இருந்தது, கண்ணுக்குக் கீழே மேடு, உதடு மேலே. அந்த முகத்தில் கண்ணீரைப் பார்த்தால் சிரித்துச் சிரித்துக் கண் கலங்கியவள் மாதிரி இருந்தது. என் வேலை அவ்வளவு சுத்தமாக வந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, மறைப்பானேன்.

இரண்டாம் நாள் அம்மா கத்தினாள்.

"சிரிக்கிறாடி! எம் புள்ளயப் பொணமாக் கெடத்திட்டு சிரிக்கிறா!"

"அத்தே, நான் சிரிக்கல... அண்ணி, நீங்க சொல்லுங்க. அண்ணி!"

நான் அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். வேறொன்றும் செய்யவில்லை. யாரோ அதைப் போனில் படம் பிடித்தார்கள். இரவுக்குள் நாடே அவளைச் சிரிக்கும் விதவை என்று சொல்லத் தொடங்கிவிட்டது.

அவள் போலீசிடம் ஊசியைப் பற்றிச் சொன்னாள். என்னிடம் வந்து கேட்டார்கள். ஆமாம், கண்ணுக்குக் கீழே ஃபில்லர் போட்டேன், தொட்டுப் பார்த்தாலே தெரியும், அதனால் யாருக்கும் அழுகை நிற்காது, எந்த டாக்டரிடமும் கேளுங்கள் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. வேறு ஊசி போட்டீர்களா என்றார்கள். இல்லை என்றேன். ஒரே ஒரு பொய். புருஷனைக் கொன்றுவிட்டு நாத்தனார் மேல் பழி போடுகிறாளே என்று ஜனங்கள் காறித் துப்பினார்கள். அவளுடைய வக்கீல் பரிசோதனை கேட்டு அலைந்து அனுமதி வாங்குவதற்குள் குளிர்காலம் போய்விட்டது.

போடாக்ஸ் மூன்று நான்கு மாதம்தான் தாங்கும். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது செர்ரி பூத்திருந்தது. ஹெரினுடைய முகம் திரும்ப வந்துவிட்டது. உதட்டோரம் பழையபடி இறங்கியது, புருவம் சுளித்தது. கூண்டில் நின்று வாய் கோணக் கோண அழுதாள். அவ்வளவு கோரமான அழுகையை நான் பார்த்ததில்லை.

அரசு வக்கீல் எழுந்து, துக்கக் கூடத்தில் எடுத்த படத்தைத் திரையில் போட்டார். "அங்க இந்தம்மாவுக்கு இப்படி அழத் தெரியல. நீதிபதி முன்னாடி மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் இதையெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருக்கவில்லை. சிரித்த முகம் அவளை உள்ளே தள்ளும் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அழும் முகம் கதவைப் பூட்டியது. அது எனக்குக் கிடைத்த உபரி.

ஏன் என்று கேட்கிறீர்கள். நாரேதான்.

அவள் பிறந்ததிலிருந்து பாதி நாள் என் வீட்டில்தான் வளர்ந்தாள். ஹெரினுக்கு வங்கி, தேசொப்புக்குத் தொழிற்சாலை. எனக்குக் கல்யாணமும் இல்லை, குழந்தையும் இல்லை. அவளுக்கு முதல் பல் விழுந்தது என் கையில். காய்ச்சல் வந்தால் அத்தை என்றுதான் அனத்துவாள். அந்த சூசொக் அன்றைக்கே, நான் ஹெரினை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னதற்கு அப்புறம், சாப்பாட்டு மேசையில் தேசொப் சொன்னான், கம்பெனி அவனை வியட்நாமுக்கு அனுப்புகிறது, எல்லாருமாகப் போகிறோம், ஆறேழு வருஷம் ஆகும் என்று. ஹெரின் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"இனிமே நாங்களே பாத்துக்குவோம் அண்ணி. பாவம், நீங்களும் எத்தன வருஷம்தான் அடுத்தவங்க புள்ளயத் தூக்கிச் சுமப்பீங்க?"

அடுத்தவங்க புள்ள. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்புறம் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். தேசொப் மட்டும் போனால் ஹெரின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். ஹெரின் மட்டும் போனால் அவன் வருஷம் திரும்புவதற்குள் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வான். இரண்டு பேரும் போக வேண்டும். தம்பி எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருவான். ஆனால் வேறு வழி தெரிந்தால் நீங்களே சொல்லுங்கள்.

கிழங்கை நான்தான் போட்டேன். அவன் சாவதற்கு முந்தின நாள் கிம்ச்சி டப்பா கொடுக்கப் போயிருந்தேன். ஹெரின் கதவைத் திறந்து, "எப்படி இருக்கு அண்ணி?" என்று புது முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. அழகா இருக்கு, போய்க் கண்ணாடில பாரு என்றேன். அவள் போய்ப் பார்த்தாள்.

நாரே என்னிடம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஜன்னலோரம் அறை, பியானோ, பெரிய பொம்மை வீடு. அந்தப் பொம்மை வீட்டில்தான் அது இருந்ததாம். போடாக்ஸ் இருந்த சின்னக் கண்ணாடிப் புட்டி. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அதைத் தட்டிலிருந்து எடுத்து, அத்தை, இதப் பொம்மப் பாப்பாவுக்குப் பால் புட்டியா வெச்சுக்கவா என்று கேட்டாள். நான்தான் கழுவி, துடைத்து, அவள் கையில் கொடுத்தேன். அவள் எது கேட்டாலும் எனக்கு இல்லை என்று சொல்ல வராது. லேபிளைக் கிழிக்கத் தோன்றவில்லை.

நாரே அதை உங்களிடம் தானாகவே எடுத்துக் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். எங்கம்மா சிரிக்கல, அத்தை இந்த மருந்த வாயில குத்தினாங்க, அன்னைக்கே எல்லார்கிட்டயும் சொன்னேன், யாருமே கேக்கல என்றாளாம். இருக்கலாம். குழந்தைதானே, யார் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் சொல்லும். அவளுக்கு என் மேல் கோபம் எதுவும் இல்லை. அது எனக்குத் தெரியும்.

இப்போது அவளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அவர்களிடம் ஒரு விஷயம் சொல்லிவைக்க வேண்டும். அவளுக்கும் அம்மாவின் உதட்டோரம் வந்துகொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எடுத்த படங்களிலெல்லாம் நன்றாகச் சிரிக்கிறாள், வாய் நேராகத்தான் இருக்கிறது. என்னைப் பார்க்கும்போது மட்டும் இறங்கிவிடுகிறது. கொஞ்சம் வயது வரட்டும். நானே ஊசி போட்டுச் சரிசெய்துவிடுவேன்.