சிவப்பில் ஒரு பிள்ளையார் சுழி

திருவிடைமருதூரில் பஸ் ஏறிய நடுவயதுக்காரரும் இளம்பெண்ணும் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு அட்டை.

"பிள்ளையார் சுழி போட்டதுதான் சார் தப்பாப் போச்சு" என்றாள் அந்தப் பெண்.

"என்னம்மா சொல்ற?"

"ஆயுத பூஜைக்கு சர்வருக்குப் பொட்டு வச்சோம்ல? அப்படியே செட்டிங்ஸ்லயும் கைய வச்சேன். கமாண்ட் அடிக்கிற ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் சிவப்புல ஒரு 'உ' வர்ற மாதிரி."

"கலருக்கு எழுதுற கோடிங்கை அடைப்புக்குறிக்குள்ள போட்டியா?"

"இல்ல சார்."

"போச்சு. திரையில தெரியாத அந்தக் கோடிங்கையும் மிஷின் எழுத்துன்னு எண்ணிக்கும். வரி நீளமானா கீழ போகாம, அதே வரி மேலயே ஏறி, முதல்ல அடிச்சதை மறைச்சிடும்."

"ஆமா சார். வேண்டாத ஃபைலை அழிக்கத்தான் அடிச்சேன். பாதி மறைஞ்சிடுச்சு. சரியாத்தான் இருக்கும்னு என்டர் தட்டிட்டேன். பேஷண்ட் ஸ்கேன் எல்லாம் அங்கதான் சார் இருக்கு. எது போச்சுன்னே தெரியல."

அவர் குரல் இறங்கியது.

"என் மிஷின்லயும் போட்டது நீதானா?"

"எல்லாத்துலயும் போட்டேன் சார்."

கும்பகோணம் வந்தது. இறங்க எழுந்தபோதுதான் அவர் சொன்னார்.

"காலையில அந்தச் சுழியைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டு, நானும் ஒரு ஃபோல்டரை அழிச்சேம்மா. அந்த வரியும் பாதிதான் தெரிஞ்சுது."