கொழுப்பில் ஒட்டிய மணல்

கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கும் ஈயக்குண்டின் அடிக்குழியில் பூசுவதற்கு மாட்டுக் கொழுப்புதான் சரி. பன்றிக் கொழுப்பு வெயிலில் வழிந்துவிடும். முப்பது வருஷம் லிஸ்பன் கப்பல்களில் ஆழம் பார்த்தவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். குண்டு கடலடியைத் தொட்டு வரும்போது கொழுப்பில் மணல் ஒட்டியிருந்தால் நங்கூரம் போடலாம். ஒன்றும் ஒட்டவில்லை என்றால் பாறை. கப்பல் தலைவர் எவ்வளவு பெரிய குடும்பத்துக்காரராக இருந்தாலும், என் வாயைப் பார்த்துத்தான் கப்பலைத் திருப்புவார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மை காய மணல் தூவாதீர்கள். காற்றில் காயட்டும்.

பஸ்தியாவ் செதூபலில் என் தெருக்காரன். சுங்கக்காரன் ஒருவனின் தாடையை உடைத்தான், தூக்கு என்றார்கள். பிறகு கப்பலில் ஏற்றினார்கள். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். பேர் தெரியாத கரையில் ராஜாவின் கல்தூணை நட்டு, பக்கத்தில் ஒரு தண்டனைக்காரனை விட்டுவிட்டுப் போவோம். அந்த ஊர்ப் பாஷையைக் கற்றுக்கொண்டு, அடுத்த கப்பல் வரும்வரை உயிரோடு இருந்தால் அவனுக்கு மன்னிப்பு.

படகில் இறங்கும்போது எல்லோரும் அவனைக் கிண்டல் செய்தார்கள்.

"அங்க ஒருத்தியக் கட்டிக்கிட்டு எங்கள மறந்துராத மாப்ள."

"போங்கடா. கியோமார் கடலத் தாண்டி வந்து என் கால ஒடிப்பா," என்றான். கியோமார் அவன் மனைவி. பிறகு என் தோளைத் தட்டினான். "நீதானடா திரும்பி வந்து குண்டு போட்டு ஆழம் பாக்கப்போற. எனக்கென்ன கவலை. அதுவரைக்கும் அவளப் பாத்துக்க."

பார்த்துக்கொண்டேன். ஊர் திரும்பியதும், காய்ச்சலில் போய்விட்டான் என்று சொன்னேன்.

"செத்தத நீ பாத்தியா?" என்றாள்.

"நான்தான் கண்ண மூடினேன்."

அந்தக் கப்பலில் எங்கள் ஊர்க்காரன் வேறு யாரும் இல்லை, பாதிரியாருக்கு ஒரு சாட்சி போதும். அறுவடைக்கு முன்பே கல்யாணம் முடிந்தது. நான் அவளை அடித்ததில்லை. அதையும் எழுதுங்கள்.

அடுத்த வருஷம் புதுத் தலைவர் ஒருவரோடு, அவனை விட்ட அதே குடாவுக்குப் போனோம். கல்தூண் நின்றது. அதன் பக்கத்தில் பஸ்தியாவும் நின்றான், கறுத்து, தாடி வைத்து. பின்னால் முப்பது நாற்பது பேர், ஆடுகளோடு. பாஷையைக் கற்றிருக்கிறான், ஆளையும் சேர்த்திருக்கிறான். அவன் ஏறினால் எனக்கு வீடு இல்லை, பெண்டாட்டி இல்லை. பொய்ச்சாட்சிக்கு நாக்கை அறுப்பார்கள்.

ஈயக்குண்டைப் போட்டேன். பன்னிரண்டு பாகம் ஆழம். மேலே இழுத்தேன். கொழுப்பு முழுக்க மணல், சர்க்கரை மாதிரி. கட்டைவிரலால் ஒரு வழி வழித்து, கொழுப்பைத் தலைவருக்குக் காட்டினேன். "பாறைங்க," என்றேன்.

தூரம் அதிகம், குரல் எட்டாது. கப்பல் தயங்குவதைக் கரையிலிருந்து பஸ்தியாவ் பார்த்துவிட்டான். குனிந்து இரண்டு கையாலும் மணலை அள்ளி, தலைக்கு மேலே தூக்கி, ஒழுகவிட்டான். திரும்பத் திரும்ப. எனக்குத்தான் சொல்கிறான். இங்கே மணல், வா என்று.

"என்னத்தப்பா அள்ளி அள்ளிப் போடறான்?" என்றார் தலைவர்.

"பொணக்குழியில மண்ணு போடுவோமே, அதுங்க. வந்தா செத்தீங்கன்னு சொல்றான். பின்னால நிக்கிறவனுங்க பிடிச்சு வச்சிருக்கானுங்க."

நல்ல மனிதர் அவர், கண்ணில் நீர் வந்தது. அவனை விடுவிக்கலாம் என்று பீரங்கியைச் சுடச் சொன்னார். புகை கலைந்தபோது கரையில் கல்தூண் மட்டும் நின்றது. அங்கங்கே ஆடுகள் கிடந்தன. ஆடுகள் என்றுதான் நினைத்தேன்.

அந்த இடத்துக்கு வரைபடத்தில் 'பாறை, கொடியவர்கள்' என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு மூன்று தடவை தண்ணீர் தேடி அங்கே போனோம். மூன்று தடவையும் முதலில் பீரங்கி, பிறகு என் ஈயக்குண்டு, பிறகு பாறை. நான் கரையைப் பார்க்கவில்லை. ஆழம் பார்க்கிறவனுக்குக் கயிற்றில்தான் கண்.

முதல் பீரங்கிக் குண்டிலேயே போயிருப்பான், வலித்திருக்காது. அப்படி நினைத்துத்தான் இருபது வருஷம் படுத்தேன். ஆனாலும் கியோமார் முற்றத்தில் மணல் போட்டுச் சட்டி தேய்த்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பாவம், இப்போது சாம்பலில் தேய்க்கிறாள். ஏன் என்று கேட்டதில்லை.

இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள், வரைபட அலுவலகத்திலிருந்து. வழி தவறின கப்பல் ஒன்று அங்கே நங்கூரம் போட்டதாம், நல்ல மணலாம். கல்தூணில் ராஜமுத்திரைக்குக் கீழே ஆணியால் கீறிய எழுத்து இருக்கிறதாம். எனக்குப் படிக்கத் தெரியாது. பேனா பிடிக்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. ஆனாலும் நீங்கள் படித்துக் காட்டினீர்கள். 'மணல். பன்னிரண்டு பாகம்.' அதற்குக் கீழே கப்பல் படம், நான்கு.

நான்கிலும் நான் இருந்தேன்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். "செத்துட்டான்னுதான நெனச்ச? அப்புறம் எதுக்குய்யா அந்த மூணு தடவையும் கொழுப்ப வழிச்ச?"

கைப்பழக்கம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மணல் தூவ வேண்டாம் என்றேனே.