ஹாலோவேயின் ஒத்திகை

— கதவைப் பூட்டிட்டன். டிரெக்டர் ஹாலோவே கோப்பி குடிக்கப் போயிட்டார். இனி நீரும் நானும்தான், பாலா. இஞ்சாலை திரும்பும்.

— றஜீவ்ணா, காதுல ரத்தம் வருது. முதல்ல அதைத் துடைங்க.

— உடைச்சுப்போட்டுத் துடைக்கச் சொல்லுறீர். ஐசே, அறையிற இடத்திலை மெல்லமாத் தொட்டாக் காணும் எண்டுதானே கதைச்சனாங்கள்?

— ஆமாண்ணா. பேசிக்கிட்டோம்.

— பிறகேன்? நான் கைதி, நீர் ஆமி ஒஃபிசர். கண்ணைக் கட்டி, கையைக் கதிரையோடை கட்டி, ஒரு அறை. நாடகத்திலை அவ்வளவுதான். நீர் திருப்பித் திருப்பி அறைஞ்சனீர். காதுக்குள்ளை டப்பெண்டு ஒரு சத்தம். இப்ப இந்தப் பக்கம் ஒண்டும் கேக்கேல்லை.

— லேகவாக்டுக்கு, அவசர சிகிச்சைக்குப் போலாம்ணா. டாக்டர் பாக்கட்டும்.

— போய்? நான் தி-பானே சுரங்க ரயில் ஓட்டுறவன், ஐசே. ஒரு காது செவிடெண்டு டொக்டர் எழுதினா என்னை ரயிலிலை ஏற விடமாட்டினம். என்ரை வீட்டிலை உழைக்கிறது நான் ஒராள்தான்.

— ஹாலோவே எப்படிப்பட்டவர்னு உங்களுக்கே தெரியும்ல? சிகாகோல பழைய கராஜ்ல நாடகம் போட்ட காலத்துலயே நிஜமா அடிக்கச் சொல்வாராம்.

— அந்த மனுசனை இதுக்குள்ளை இழுக்காதையும்.

— சத்தியமா சொல்றேண்ணா. முதல் படத்துல ஒரு நடிகையைப் படிக்கட்டுல தள்ளி விடச் சொன்னாரு. கை முறிஞ்சு அந்தப் பொண்ணு அலறினதை அப்படியே படத்துல வெச்சாரு. அதுக்கு விருது வேற. மூணாவது படத்துல ஒருத்தருக்குக் கண்ணே போச்சு. அப்புறம் ஹாலிவுட்ல யாரும் சேத்துக்கல. மறுபடி நாடகம்னு ஊர் ஊரா சுத்தி, இப்ப ஒஸ்லோ.

— எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் வந்தனான். எங்கடை நாட்டுச் சண்டையைப் பற்றி ஒரு அமெரிக்கன் நாடகம் போடுறான், எங்களையே நடிக்கக் கேக்கிறான் எண்டு எவ்வளவு சந்தோசம் எனக்கு. முதல் நாள் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவர். அவர் பெரிய கலைஞன். நீதான்டா மிருகம்.

— சரிண்ணா.

— என்ன சரி? சென்னையிலை இருந்து கம்பியூட்டர் வேலைக்கு வந்தவனுக்கு என்ன விளங்கும்? ஆமிக்காரன்ரை அடி ஒருக்கா எண்டாலும் வாங்கியிருக்கிறியோ? நான் பதினேழு வயசிலை வாங்கினனான். அண்டைக்கு மாதிரியே இண்டைக்கும் காற்சட்டையோடை ஒண்டுக்குப் போயிட்டன்.

— தெரியும்ணா. பாத்தேன்.

— பாத்தனியோ? பாத்துக்கொண்டே அடிச்சனியோ? இந்தா. இன்னொண்டு, இந்தா. ஏன்டா தடுக்கேல்லை? கையைத் தூக்கு.

— பல்லு ஆடுது. பரவாயில்ல. இன்னும் அடிங்க.

— உனக்கு விசரோ? வாயெல்லாம் ரத்தம். திருப்பி அடியன். கட்டிப்போட்ட மனுசனை அடிக்க மட்டும்தான் உனக்குக் கை வருமோ?

— வரலண்ணா. முதல் அறை மட்டும்தான் நான், அதுவும் சும்மா தொட்டேன். அவர் மேடை ஏறி வந்து என்னை ஓரமாத் தள்ளிட்டு, வாயில விரலை வெச்சு, பேசாதேன்னு காட்டினாரு. உங்க காதை உடைச்சது ஹாலோவே. நான் பக்கத்துலயே நின்னு, வாயைத் திறக்காம பாத்துக்கிட்டிருந்தேன்.