காலி சீட்டுக்குப் போட்ட பெல்ட்

மாலை ஆறரை மணி. குமுளியிலிருந்து சக்குபள்ளத்துக்குப் போகும் ரோடு. இரண்டு பக்கமும் ஏலக்காய்த் தோட்டம். மழை நின்று, மஞ்சு என்கிற மலைமூட்டம் இறங்கிக்கொண்டிருக்கிறது. எதிரே ஒரு வண்டி இல்லை… பின்னாலும் இல்லை.

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இந்தக் கஞ்சிக்கோட்டில் மழைக்குக் கரண்ட் போனால் சீக்கிரம் வராது. அதற்குள் சொல்லிவிடுகிறேன். நம் கம்பெனியில் வெல்டிங்கில் இருக்கிறானே அஜய்… அவனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது இது.

சித்தப்பா பெயர் சுருளிவேல். வீடு சக்குபள்ளத்தில். குமுளியில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டினார். மனைவி மாரீஸ்வரிக்கு ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற வேலை. பிள்ளைகள் இல்லை. பாலக்காட்டுப் பக்கம் கோவிந்தாபுரத்தில் சைனுதீன் என்ற புரோக்கர் மூலமாக ஒரு பழைய ஏழு சீட்டு கார் வாங்கினார்கள். டீசல், டர்போ வண்டி. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மெல்லிய விசில் ஒன்று கேட்கும். அப்புறம் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு வேகம். மாரீஸ்வரிக்கு அந்த வேகம் ரொம்பப் பிடிக்கும். சிரித்துக்கொண்டே கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாளாம்.

அன்றைக்கு, நான் சொன்ன அந்த ஆறரை மணிக்கு, ஆட்களைக் குமுளியில் இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பினார். ஏற்றம். பாதி ஏற்றத்தில், தண்ணீர் வடிகிற பாறை ஒன்று உண்டு. அதைத் தாண்டியதும் வண்டி சோர்ந்துவிட்டது. விசில் கேட்கிறது… ஆனால் இழுக்கவில்லை. மூன்றாவது கியர், இரண்டாவது, கடைசியில் முதல் கியர். நிறைய ஆளும் சாமானும் ஏற்றிய வண்டி மாதிரி முனகிக்கொண்டு ஏறியது. மேலே ஜங்ஷன் வந்ததும் ஒரு சின்னக் குலுக்கல். அவ்வளவுதான். பழையபடி பறந்தது.

அவர் வீட்டுக்கு எதிரிலேயே மிக்கேல்ராஜ் என்பவரின் ஒர்க்‌ஷாப். மறுநாள் காலையில் பானெட்டைத் திறந்து பார்த்த மிக்கேல்ராஜ், டர்போவிலிருந்து காற்றுப் போகிற ரப்பர் ஹோஸில் விரிசல் ஒன்றைக் காட்டினார்.

“காத்து இது வழியா போயிருதுண்ணே. அதான் ஏத்தத்துல தவிக்குது.”

ஹோஸை மாற்றினார். பகலில் இருவரும் அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். குதிரை மாதிரி ஏறியது. சாயங்காலம் சுருளிவேல் தனியாக வந்தபோது… அதே பாறை. அதே முனகல்.

மிக்கேல்ராஜ் விடவில்லை. ஏர் ஃபில்டரை மாற்றினார். டர்போவைக் கழற்றி உள்ளே இருக்கிற தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். லேசாக ஆட்டம் இருந்தது. அதையும் மாற்றினார். பகலில் ஒரு குறையும் இல்லை. அந்தியில் பாறையைத் தாண்டினால் சோர்வு, ஜங்ஷனில் குலுக்கல். யாரோ ஏறி, யாரோ இறங்குகிற மாதிரி. சுருளிவேலும் அதற்குப் பழகிவிட்டார்.

பிறகு ஒருநாள், பாறையைத் தாண்டியதும் புதிதாக ஒரு சத்தம்.

டிங்… டிங்… டிங்…

பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்குமே, அந்த மணி. சிவப்பு விளக்கும் எரிகிறது. திரும்பிப் பார்த்தார். காலி சீட்டு. ஏசி போடவில்லை, ஆனாலும் கண்ணாடியின் அந்தப் பக்கம் மட்டும் உள்ளே ஆவி படிந்திருந்தது. ஈரத்துணி நாற்றம். சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார். நாம் எல்லோரும் அப்படித்தானே நினைப்போம். மணிச்சத்தம் தாங்காமல் கையை நீட்டி, காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டார்.

க்ளிக்.

சத்தம் நின்றது.

பெல்ட் சீட்டில் ஒட்டிக் கிடக்கவில்லை. ஒரு சாண் முன்னால், எதன் மேலோ சாய்ந்த மாதிரி நின்றது. அதை அவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தார்.

ஏனென்றால், அன்றைக்கு ஜங்ஷனில் குலுக்கல் வரவில்லை. வண்டி லேசாகவே இல்லை. இரண்டாவது கியரிலேயே வீடு வரைக்கும் முனகிக்கொண்டு வந்தது. வாசலில் நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டார். அது சரசரவென்று உள்ளே ஓடியது.

எதுவோ வீடு வரைக்கும் வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து இன்ஜின் ஆயில் குறைய ஆரம்பித்தது. தினமும் ஆயில் அளக்கிற கம்பியை இழுத்துப் பார்த்தால் அளவு இறங்கியிருக்கும். மிக்கேல்ராஜ் வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. புகைக்குழாயில் விரலை விட்டுப் பார்த்தார். ஈரம் இல்லை, நீலப் புகையும் இல்லை. ரேடியேட்டர் தண்ணீரிலும் கலக்கவில்லை.

“ஆயிலுன்னா ஒண்ணு வெளிய ஒழுகணும். இல்ல உள்ள எரியணும். வேற எங்கண்ணே போகும்?”

அது போன இடம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஒருநாள் காலையில் மாரீஸ்வரி கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு கேட்டாள்.

“ஏங்க, நேத்து என்ன எண்ணெய வச்சுத் தலை பின்னி விட்டீங்க? இப்படிக் கறுப்பா ஒட்டுது?”

அவர் பின்னி விடவில்லை. வாழ்க்கையில் அவளுக்கு ஒருநாளும் அவர் தலை பின்னியதில்லை. கிட்டே போனார். இறுக்கமான ஒற்றைப் பின்னல். ஒரு மயிர் பிசகவில்லை. எரிந்த இன்ஜின் ஆயில் வாடை. தலையணை முழுக்கக் கறுப்பு.

சீயக்காய் போட்டுக் குளித்தாள். விடிந்தால் மறுபடியும் அதே பின்னல். கம்பியில் ஆயில் இன்னும் கொஞ்சம் கீழே.

அவள் மெலிந்துகொண்டே போனாள். ஸ்டோருக்குப் போகிற சின்ன மேட்டில்கூட மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். “யாரையோ தூக்கிட்டு நடக்குற மாதிரி இருக்குங்க” என்பாளாம். ஆஸ்பத்திரியில் ரத்தக்குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். எதுவும் கேட்கவில்லை.

கடைசியாக ஒருநாள் அந்தியில், அதே ஏற்றத்துக்கு மிக்கேல்ராஜ் இன்ஜின் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். பின்சீட்டில் உட்கார்ந்து, மடியில் அந்தத் திரையை வைத்துக்கொண்டார். வண்டி முனகிக்கொண்டு ஊர்ந்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டர்போ பிரஷர் சரியா இருக்குண்ணே. டீசலும் சரியா போகுது. இன்ஜின் முழுசா இழுக்குது.” குரல் இறங்கியது. “பவர் எங்கயும் போகல. பாரம்தான்…”

காலியாக இருந்த முன்சீட்டின் முதுகையே பார்த்தார். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, மஞ்சுக்குள் நடந்தே போய்விட்டார்.

சுருளிவேல் வண்டியில் உட்கார்ந்தபடியே சைனுதீனுக்கு ஃபோன் பண்ணினார். வண்டி வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சைனுதீன் நல்ல மனுஷன், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

“அதுக்கென்னங்க, நாளைக்கே கொண்டு வாங்க. நானே எடுத்துக்கறேனுங்க. ஆனா ஏனுங்க… மொதல்ல பக்கத்துல அழுகறவங்களச் சமாதானப்படுத்துங்க. கேக்கவே சங்கட்டமா இருக்குதுங்க.”

வண்டியில் அவர் மட்டும்தான் இருந்தார்.

மறுநாள் கோவிந்தாபுரத்துக்குக் கிளம்ப வேண்டியது. விடிந்ததும் மாரீஸ்வரிக்கு மூச்சுத் திணறல். கட்டிலில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, கட்டப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்த வண்டியைத்தான் ஸ்டார்ட் பண்ணினார். அந்த நேரத்துக்கு வேறு வண்டி கிடையாது.

ஸ்டார்ட் ஆனது. கதவைத் திறந்து அவளைக் கூட்டிவர இறங்கினார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாயிற்று, மிதிக்க யாரும் இல்லை… இன்ஜின் தானாக உறும ஆரம்பித்தது. விசில் ஏறிக்கொண்டே போய் அலறலானது. வெள்ளைப் புகை வாசலை மூடியது. சாவியைத் திருப்பி உருவினார். சாவி கையில் இருக்கிறது. இன்ஜின் நிற்கவில்லை.

எதிர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து மிக்கேல்ராஜ் ஓடிவந்தார்.

“டர்போ வழியா சொந்த ஆயிலையே குடிக்குதுண்ணே! டீசலே வேண்டாம் அதுக்கு. காத்த அடைச்சாத்தான் நிக்கும். கைய வச்சிராதீங்க, இழுத்துரும். பலகை எதாச்சும் கொண்டாங்க!”

அவர் காற்றுக்குழாயைப் பிடுங்கி எறிந்தார். சுருளிவேல் வீட்டுக்குள் ஓடினார். கட்டிலைத் தாண்டும்போது மாரீஸ்வரி கையை நீட்டினாள். “ஏங்க… இங்க இருங்க…”

“இந்தா வந்துட்டேன்” என்றார். சமையலறையிலிருந்து சப்பாத்திப் பலகையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். அலறுகிற அந்த வாயில் பலகையை வைத்து, உடம்பு எடை முழுவதையும் போட்டு அழுத்தினார்.

இன்ஜின் திணறியது. ஒருமுறை பெரிதாக இழுத்தது. குலுங்கியது. இன்னொருமுறை… அப்புறம் நின்றுவிட்டது.

அந்த அமைதியில் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம். கட்டில் கால்கள் தரையில் தட்டுகிற சத்தம். டக்… டக்… அதுவும் நின்றது.

உள்ளே போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. வாயைச் சுற்றி, குழாயின் வாய் அளவுக்கு வட்டமாக ஒரு சிவந்த தடம். காற்றுகூட நுழையாதபடி எதையோ வைத்து அழுத்தினால் விழுகிற தடம்.

சைனுதீன் ஆள் அனுப்பி வண்டியை இழுத்துப்போய், பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். சுருளிவேல் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அந்தியானால் நடந்தே போய் அந்தப் பாறைக்குப் பக்கத்தில் நிற்பார். வருகிற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கை காட்ட மாட்டார்.

போன மாசம் அஜய் லீவில் ஊருக்குப் போனான். குமுளியில் பஸ் இறங்கி, நண்பனின் பைக்கை வாங்கிக்கொண்டு தனியாக ஏறியிருக்கிறான். மஞ்சுக்குள் சித்தப்பா நிற்பது தெரிந்தது. மனசு கேட்காமல் பைக்கை நிறுத்தினான்.

“சித்தப்பா, மழை வருது. ஏறுங்க, வீட்டுக்குப் போவோம்.”

அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால், சீட்டைப் பார்த்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது என்கிறான் அஜய். கையை நீட்டி, அங்கே எதையோ சரிசெய்கிற மாதிரி, சேலைத் தலைப்பைச் சக்கரத்தில் மாட்டாமல் ஒதுக்கிவிடுகிற மாதிரி செய்தார்.

“எனக்கு எடமில்லப்பா. நீ மெதுவா போ. சித்திக்கு மூச்சு வாங்குது.”